மூட்டுக் காயமும் டிசபிலிட்டி பென்ஷன் அப்பீலும்: முன்னாள் படைவீரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர் பக்கம் எங்கள் முன்னாள் படைவீரர் சங்க அறையில் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கொருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய. வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது முட்டியைப் பிடித்துக்கொண்டே படியேறி வருவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் டிஸ்சார்ஜ் புக், ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து (படைவீரரின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) வந்த ஒரு நிராகரிப்புக் கடிதம். கேட்கும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 21.09.2023 முதல் புதிய தகுதி விதிகள் வந்துவிட்டன. பணிக்காலம் முடித்து வெளியே வருகிறவர்களுக்கு, ஊனத்துக்காகத் தனியாகத் தரும் 'டிசபிலிட்டி எலிமென்ட்' என்ற தொகை 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்று பெயரே மாறிவிட்டது. இங்கே எழுதியிருப்பது பெரும்பாலும் அதற்கு முன் வெளியே வந்த ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் பொருந்தும். அதற்குப் பின் வந்தவர்கள் பழைய அப்பீல் மாதிரியைப் பார்த்து எழுத வேண்டாம்.

முட்டி போயிடுச்சு சார். சர்வீஸ் பென்ஷனோட இதுக்கும் தனியா ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால். ஒன்று, அந்தக் காயமோ நோயோ ராணுவப் பணியால் வந்ததாகவோ பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். இரண்டு, ஊன அளவு 20 சதவீதமாவது இருக்க வேண்டும். இரண்டையும் பற்றிக் கருத்து எழுதுவது, நீங்கள் வெளியே வரும்போது உட்கார்ந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ மருத்துவர்கள் குழு.

கணக்கு எளிது. 100 சதவீத ஊனத்துக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வையுங்கள். 100 சதவீதத்துக்கு 12,000, 20 சதவீதத்துக்கு 2,400. இதன்மேல் அகவிலைப்படி தனி. போர்க்களத்தில் பட்ட காயம் என்றால் அது வேறு கணக்கு: பணியில் தொடர்ந்து பின்னர் ஓய்வுபெற்றவருக்கு இந்த 30 சதவீதம் 60 ஆகும்.

என் போர்டு பேப்பர்ல 'என்.ஏ.என்.ஏ'னு போட்டிருக்காங்க. அப்படின்னா என்ன?

பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை என்று அர்த்தம். நிராகரிப்புக் கடிதங்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த நான்கு எழுத்துகளைத்தான்.

அதைப் பார்த்ததும் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் ஒரு குறையும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த குறை பணியால் வந்தது இல்லை என்றால், அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு அரசினுடையது. போர்டு காரணம் எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் அதன் பலன் படைவீரருக்கு. உங்கள் தாளில் அந்த நான்கு எழுத்துக்குப் பக்கத்தில் காரணம் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். 'அமைதிப் பகுதியில் தொடங்கியது' என்று மட்டும் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. அப்பீலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனக்கு 20 போட்டும் ரிஜெக்ட். என் கூட்டாளிக்கு 15-19 போட்டு ரிஜெக்ட். ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. போர்டு மூன்று விஷயங்களைத் தனித்தனியாக எழுதுகிறது: பணியோடு தொடர்பு உண்டா, எத்தனை சதவீதம், எவ்வளவு காலத்துக்கு. உங்களுக்கு அடி விழுந்தது முதல் கட்டத்தில். உங்கள் கூட்டாளிக்கு இரண்டாவது கட்டத்தில்.

முதல் கட்டத்துச் சண்டை காகிதத்தாலும் சட்டத்தாலும் நடப்பது. இரண்டாவது மருத்துவச் சண்டை. அதற்கு இன்னொரு போர்டு முட்டியைப் பார்த்தாக வேண்டும். தொடர்பு மறுக்கப்பட்டவர் நான்கு பக்கத்துக்கு வலியைப் பற்றி எழுதி அனுப்புகிறார். சதவீதம் குறைந்தவர் 'எல்லையில் பனியில் நின்றேன்' என்று எழுதுகிறார். இரண்டுமே உண்மைதான், ஆனால் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில். இப்படி எழுதிய அப்பீல் திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு கேட்காமல்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

எங்கிட்ட போர்டு பேப்பரே இல்லையே, எங்க போய் வாங்குறது?

உங்கள் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்களுக்கு (ராணுவப் பொறியியல் படைக்காரர்கள்) பெங்களூரு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

'என் மெடிக்கல் பேப்பர் எல்லாம் வேண்டும்' என்று எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள் (ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16), அதற்கு முன் கேட்டகிரி, அதாவது உடல்தகுதித் தரம், போட்ட போர்டுகள் (ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15), இன்ஜுரி ரிப்போர்ட் (ஐ.ஏ.எஃப்.ஒய்-2006), கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவ விசாரணை) நடந்திருந்தால் அதன் முடிவு, சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள். மற்ற எல்லாவற்றையும் சேர்க்கிறவர்கள் இந்தக் கடைசித் தாளைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். தரம்வீர் சிங் தீர்ப்பு உங்களுக்குப் பயன்படுவதே அதை வைத்துத்தான்.

அடிபட்டப்ப இன்ஜுரி ரிப்போர்ட் யாரும் போடல. எம்.ஐ. ரூம்ல (யூனிட் மருத்துவ அறை) மருந்து தடவி அனுப்பிட்டாங்க. இப்ப என்ன பண்றது?

மூட்டுக் காயத்தில் பெரிய தொல்லை இதுதான். எலும்பு முறிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, ரிப்போர்ட் எல்லாம் நடக்கும். ஜவ்வு கிழிந்தால் நாலு நாள் வீங்கும், வற்றும், ஜவான் மறுபடி ஓடுவார். இரண்டு வருடம் கழித்து ஓட்டத்தில் கால் நழுவும்போதுதான் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அதற்குள் யூனிட் மாறியிருக்கும், சி.ஓ. (யூனிட்டின் தலைமை அதிகாரி) மாறியிருப்பார்.

மூலத் தாள் இல்லாவிட்டால் அதைச் சுற்றியுள்ள தாள்களைத் திரட்டுங்கள். 'சிக் ரிப்போர்ட்' பதிவு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, 'ஓட்டம், பரேட் விலக்கு' என்று எழுதிய சீட்டு, கேட்டகிரி போர்டில் 'இன்ன தேதியில் பயிற்சியின்போது' என்று நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கும் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பெரிய மதிப்பு உண்டு. பென்ஷன் என்ற எண்ணமே இல்லாத காலத்தில் சொன்னதல்லவா? அன்று பக்கத்தில் இருந்தவர்கள் தேதி, இடம், நடந்தது ஆகியவற்றோடு எழுதிக் கொடுத்தால் அதையும் இணைக்கலாம். ஒரு சாப்பர் வந்தார். அவர் முட்டியை மடக்கினால் கரகரவென்று சத்தம் என் காதுக்கே கேட்டது. கையில் இருந்த ஒரே ஆதாரம் மடிப்பில் கிழிந்துபோன ஒரு விலக்குச் சீட்டு. தேதி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவருடைய அப்பீலை அந்தத் தேதியை வைத்துத்தான் எழுதினோம்.

வாலிபால் ஆடும்போது முட்டி திரும்பிச்சு. விளையாட்டெல்லாம் டியூட்டியா சார்?

யூனிட் ஏற்பாடு செய்த விளையாட்டு என்றால் டியூட்டிதான். பி.டி., பி.பி.இ.டி. (போர் உடல்திறன் சோதனை), தடை ஓட்டம், யூனிட் போட்டி, அதற்கான பயிற்சி எல்லாம் அதில் சேரும். சாயங்காலம் நாலு பேர் தாங்களாகச் சேர்ந்து ஆடியது என்றால் வாதாட வேண்டிவரும். 'அன்று ரோல் காலில் கேம்ஸ் பரேட் இருந்தது' என்பதைக் காட்ட முடிந்தால் காட்டுங்கள்.

காயமாக இருந்தால், அது டியூட்டியில் நடந்ததா என்பதற்கு சி.ஓ. எழுதிய கருத்தே முக்கியம். இன்ஜுரி ரிப்போர்ட்டில் அவர் 'டியூட்டியில்' என்று எழுதியிருந்தும் போர்டு வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படி முரண் இருந்தால் அப்பீலின் முதல் பாராவே அதுதான்.

லீவுல ஊருக்கு வந்தப்ப பைக்ல விழுந்து கணுக்கால் போச்சு. லீவும் டியூட்டி மாதிரிதானே?

இதில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு ஆசை. ஆனால் பொய் சொல்லக் கூடாது. வருடாந்திர விடுப்பில் சொந்த வேலையாகப் போகும்போது நடந்த விபத்துக்குப் பணியோடு தொடர்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜுஜார் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. விடுப்பில் இருப்பது மட்டும் போதாது, நடந்ததற்கும் பணிக்கும் ஏதாவது தொடர்பு வேண்டும்.

பயணம் வேறு. யூனிட்டிலிருந்து ஊருக்கு வரும் வழியிலோ, ஊரிலிருந்து யூனிட்டுக்குத் திரும்பும் வழியிலோ அடிபட்டிருந்தால் விடாதீர்கள். மதன் சிங் ஷெகாவத் வழக்கில் 1999-இல், விடுப்பில் சொந்தச் செலவில் செய்த பயணத்தையும் டியூட்டியாகவே நீதிமன்றம் ஏற்றது. டிக்கெட், லீவ் சர்டிபிகேட், விபத்து நடந்த இடம் மூன்றும் ஒரே வழியில் இருக்க வேண்டும்.

'இது வயசானா வர்ற மூட்டுத் தேய்மானம்'னு எழுதிட்டாங்க. எனக்கு அப்ப 38 வயசுதான்!

உங்கள் கோபம் நியாயமானது. தேய்மானத்தை மருத்துவர்கள் நோய் என்று பார்க்கிறார்கள், காயம் என்று பார்ப்பதில்லை. அதனால்தான் 'பணியால் வந்தது' என்று எழுதத் தயங்குகிறார்கள். நீங்கள் எடுக்க வேண்டிய வழிகள் இரண்டு.

அதே மூட்டில் முன்பு ஜவ்வுக் கிழிசலோ முறிவோ இருந்திருந்தால், இந்தத் தேய்மானம் அந்தக் காயத்தின் தொடர்ச்சி என்று சொல்லுங்கள். அடிபட்ட மூட்டு சீக்கிரம் தேயும் என்பது எலும்பு மருத்துவத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். வலது முட்டியில் அடிபட்டவருக்கு இடது முட்டி நன்றாக இருந்து வலது மட்டும் தேய்ந்திருந்தால் அதைவிட நல்ல வாதம் இல்லை. வயசுக்கு வலது இடது தெரியாது. இரண்டு முட்டி எக்ஸ்ரேயையும் சேர்த்தே இணையுங்கள்.

பழைய காயம் எதுவும் இல்லையென்றால் 'பணியால் மோசமானது' என்ற வழி. எந்தெந்த வருடம் எங்கே இருந்தீர்கள், என்ன வேலை, மலையில் எத்தனை காலம், எவ்வளவு சுமை, கேட்டகிரி போட்ட பிறகும் எந்த வேலை கொடுத்தார்கள் என்று வருட வாரியாக எழுதுங்கள். 'கஷ்டப்பட்டேன்' என்று எழுதுவதைவிட, மலைப்பகுதியில் எந்த வருடம் எத்தனை மாதம் முதுகுச் சுமையோடு ரோந்து போனீர்கள் என்று எழுதுவது நிற்கும்.

முதல் அப்பீல் யாருக்கு, எப்படி எழுதணும்?

நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள், ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக எழுதுங்கள். முதல் அப்பீலுக்கான கமிட்டிக்கு அவர்கள் அனுப்புவார்கள். அதுவும் நிராகரிக்கப்பட்டால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடிதம் வந்த உறையையும் தூக்கிப் போடாதீர்கள், அது எப்போது வந்தது என்பதைக் காட்ட அதிலுள்ள தபால் முத்திரை உதவும்.

இரண்டு பக்கம் போதும். யார் நான், எப்போது சேர்ந்தேன், சேரும்போது எந்தக் கேட்டகிரி என்று ஒரு பாரா. எந்தத் தேதியில் எங்கே என்ன நடந்தது என்று ஒரு பாரா. போர்டு எழுதியதை அதன் வார்த்தையிலேயே எடுத்துக் காட்டி, அது ஏன் தவறு என்று ஒரு பாரா. எந்தத் தாளை வைத்துச் சொல்கிறீர்கள் என்று இணைப்பு எண்ணோடு. கடைசியில் என்ன வேண்டும் என்று ஒரே வரி: 'பணியால் வந்ததாக ஏற்று, ஓய்வுபெற்ற நாளிலிருந்து டிசபிலிட்டி எலிமென்ட் வழங்க வேண்டும்.' வறுமை, பெண் கல்யாணம் இவற்றையெல்லாம் எழுத வேண்டாம். அது பொய் என்று சொல்லவில்லை. கமிட்டி அதைப் பார்த்து முடிவு செய்வதில்லை.

டாக்டர் அஞ்சு நிமிஷம் பாத்துட்டு 15-19 போட்டுட்டார். இதை எப்படி எதிர்க்கிறது?

சதவீதத்தை நீதிமன்றம் தானாகக் கூட்டிக் கொடுக்காது, மருத்துவர்களின் கணிப்பை மதிக்கும். ஆகவே அப்பீலில் நீங்கள் கேட்க வேண்டியது மறு மருத்துவ போர்டு.

அதற்கு அடித்தளம் போட, எலும்பு மருத்துவரிடம் போய் மூட்டின் அசைவை அளந்து எழுதி வாங்குங்கள். கோனியோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. இரண்டு பிளாஸ்டிக் அளவுகோலை ஒரு திருகில் கோர்த்த மாதிரி இருக்கும். தொடையோடு ஒன்று, கெண்டைக்காலோடு ஒன்று வைத்து, எத்தனை டிகிரி மடங்குகிறது, எத்தனை நீள்கிறது என்று பார்ப்பார்கள். தசை மெலிந்திருந்தால் இரண்டு தொடையின் சுற்றளவையும் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். 'கடும் வலி' என்ற வார்த்தையைப் போர்டு தாண்டிப் போகலாம். '90 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை, வலது தொடை 3 சென்டிமீட்டர் மெலிவு' என்பதைத் தாண்டிப் போக முடியாது.

போர்டு முன்னால் ஒரு வேண்டுகோள். பட்டாளத்துக்காரன் வலியைக் காட்டக் கூடாது என்று பழகியவன். பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதும் மடக்கிக் காட்டிவிட்டு வந்து என்னிடம் அழுதவர்கள் உண்டு. வலிக்கும் இடத்தில் நிறுத்துங்கள், வலிக்கிறது என்று சொல்லுங்கள். நடிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

ரெண்டு முட்டிக்கும் 20, 20 போட்டு மொத்தம் 30னு எழுதிட்டாங்க. கூட்டத் தெரியாதா இவங்களுக்கு?

இது தவறு இல்லை. பல குறைகள் இருந்தால் எப்போதும் அப்படியே கூட்டிப் போடுவதில்லை. எல்லாம் சேர்ந்து உடம்பின் செயல்பாட்டை எவ்வளவு குறைக்கிறது என்று ஒரே அளவு போடுவார்கள். இதை மட்டும் எதிர்த்து ஒரு அப்பீலை வீணாக்காதீர்கள். இரண்டில் ஒன்றுக்குத் தொடர்பு இல்லை என்று எழுதி அதைக் கழித்திருந்தால் மட்டும், இரண்டாவது கேள்வியின் வழியில் போங்கள்.

20 இருந்தா 50ஆ ஆக்கித் தருவாங்களாமே, உண்மையா?

உண்மை. பிராட் பேண்டிங் என்பார்கள். 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. மேலே சொன்ன 40,000 ரூபாய்க் கணக்கில் 2,400 என்பது 6,000 ஆகிவிடும். 31.01.2001 அரசுக் கடிதம் இதை மருத்துவக் காரணத்தால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் தந்தது. பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 10.12.2014 அன்று ராம் அவ்தார் வழக்கில் உறுதி செய்தது.

20-க்குக் கீழே போட்டவர்களுக்கு இது தானாகப் பொருந்தாது. ஆனால் அந்தக் குறையைக் காரணம் காட்டியே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், 2014-இல் வந்த சுக்விந்தர் சிங் தீர்ப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலைக்கே லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டு ஊனம் 20-க்குக் கீழே என்று சொல்ல முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அப்பீல் போட்டு எட்டு மாசமாச்சு, பதிலே இல்ல. காத்திருக்கணுமா?

வேண்டாம். ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007-இன்படி, மனு கொடுத்து ஆறு மாதத்தில் முடிவு வராவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முடிவு வந்துவிட்டால் வந்த நாளிலிருந்து ஆறு மாதம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையிலேயே அதன் கிளை இருக்கிறது.

அங்கேயும் தோற்றால் கதவு மூடிவிடவில்லை. தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முன்பெல்லாம் டெல்லிக்குத்தான் போக வேண்டும் என்று பலர் பாதியில் விட்டார்கள்.

ரிட்டயர் ஆகி 16 வருஷம் ஓடிப்போச்சு. இனிமே கேக்க முடியுமா?

கேட்கலாம். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு. தர்சேம் சிங் 1983-இல் மருத்துவக் காரணத்தால் வெளியே வந்து 1999-இல்தான் நீதிமன்றம் போனார், அவருக்கும் பென்ஷன் கிடைத்தது. ஆனால் 2008-இல் வந்த அந்தத் தீர்ப்பின்படி நிலுவைத் தொகை, மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். ஒவ்வொரு மாதத் தாமதமும் உங்கள் கையிலிருந்து போகிற பணம்.

2008 தகுதி விதிகளில் இன்னொரு முடிச்சும் உண்டு. 15 வருடம் கழித்துக் கேட்டு, அதற்குள் பணி ஆவணங்கள் அழிக்கப்பட்டிருந்தால் நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். 14-ஆவது வருடத்தில் இருப்பவர் இன்றே தகவல் உரிமை மனுவைப் போடுங்கள்.

20 வாங்கிட்டு இருக்கேன். இப்ப முட்டி மாத்துற ஆபரேஷன் பண்ணிட்டாங்க. கூட்டிக் கேக்கலாமா?

நீங்களாகக் கேட்டால் மறு ஆய்வு நடக்கும். நிரந்தரக் குறைகளுக்கு அரசு தானாகத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் வழக்கத்தை 07.02.2001 கடிதம் நிறுத்திவிட்டது. ஆனால் யோசித்துக் கேளுங்கள். போர்டு கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். பிராட் பேண்டிங்கில் ஏற்கெனவே 50 வாங்குகிறவருக்கு, 20 என்பது 40 ஆனாலும் ஒரு பைசாகூட ஏறாது. உண்மையில் 50-ஐத் தொடும் என்று உங்கள் மருத்துவர் சொன்னால் மட்டும் போங்கள்.

வக்கீல் 'வர்ற அரியர்ஸ்ல பாதி குடு'ங்கறார். குடுக்கலாமா?

கூடாது. வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தவறு. ஃபீஸ் இவ்வளவு என்று முன்பே பேசி எழுதி வாங்குங்கள். முடியாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டம் இதற்காகவே வந்தது.

எங்க வீட்டுக்காரர் அப்பீல் நடக்கும்போதே தவறிட்டாரு. எல்லாம் முடிஞ்சிடுச்சாண்ணே?

முடியவில்லைம்மா. அவர் உயிரோடு இருந்த நாள் வரை சேர வேண்டிய நிலுவை உங்களுக்கு உரியது. சட்டப்படி வாரிசாக நீங்கள் வழக்கைத் தொடரலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அவர் அனுப்பிய அப்பீலின் நகல், தபால் ரசீது நான்கையும் எடுத்து வாருங்கள். அவருடைய பிளாஸ்டிக் கவரை யாரும் தூக்கிப் போட விடாதீர்கள்.

என் பையன் அக்னிவீர். ட்ரெயினிங்ல முட்டில அடி. அவனுக்கு இதெல்லாம் உண்டா?

பென்ஷன் இல்லை. பணியோடு தொடர்புள்ள ஊனத்துக்கு ஒரே தடவையாகக் கருணைத் தொகை: 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம். ஆக, அவனுக்கும் அதே இரண்டு கேள்விகள்தான், தொடர்பும் சதவீதமும்.

இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்: இன்ஜுரி ரிப்போர்ட் எழுதினார்களா, சி.ஓ. கையெழுத்தானதா என்று கேட்டு, நகல் ஒன்றை முறைப்படி வாங்கி வைக்கட்டும். 'சின்ன வீக்கம்தான்பா' என்று அவன் சொன்னால், ஐந்தாவது கேள்வியில் சொன்ன சாப்பரைப் பற்றி அவனுக்குச் சொல்லுங்கள்.